கரண்ட் வந்த பிறகு செத்த 9 மீன்கள்

கேள்வி: ஐயா, எனக்கு விழுப்புரம் பக்கத்தில் கிராமம். மாடியில் 3 சிமென்ட் தொட்டிகளில் தங்கமீன் குஞ்சு வளர்த்து விற்கிறேன். ஒரண்டா, ரியுகின் என்று 4 அங்குலப் பெரிய மீன்கள் 22, ஹாலில் 4 அடி கண்ணாடித் தொட்டியில் இருந்தன. அதற்குக் கேனிஸ்டர் ஃபில்டர், மோட்டார் வைத்த மூடிய டப்பா வழியாகத் தண்ணீர் சுத்தமாகி வரும். போன வாரம் கோடை மழைக் காற்றில் மரம் சாய்ந்து மாலை 6 மணிக்குப் போன கரண்ட் மறுநாள் மதியம் 12 மணிக்குத்தான் வந்தது. விடிந்தபோது 4 மீன் செத்திருந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, பசி போல என்று பிள்ளைகள் தீனி போட்டுவிட்டார்கள். கரண்ட் வந்ததும் ஃபில்டரைப் போட்டேன், முதலில் பழுப்பாகத் தண்ணீர் வந்தது, முட்டை அழுகிய வாடை. 3 மணிக்குள் இன்னும் 9 போய்விட்டன. மோட்டாரே இல்லாத மாடித் தொட்டிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. கடைக்காரர் தொட்டிக்கென்று தனி இன்வெர்ட்டர் போடச் சொல்கிறார், அதுவரை ஆக்ஸிஜன் மாத்திரை போதும் என்கிறார். எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம்? மிச்சமிருக்கும் 9 மீன்களுக்கும் வால் ஓரம் சிவந்திருக்கிறது.

பதில்: தம்பி, இன்வெர்ட்டர் கிடக்கட்டும். உங்கள் கடிதத்திலேயே இரண்டு இடத்தில் பதில் இருக்கிறது. கரண்ட் இல்லாத ராத்திரி முழுக்க 4 மீன்தான் செத்தன. கரண்ட் வந்த பிறகு 3 மணி நேரத்தில் 9. இது முதல் இடம். மாடியில் மோட்டாரே இல்லாத தொட்டிகளில் ஒன்றும் சாகவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டாவது.

முதலில் அந்த 9. கேனிஸ்டருக்குள் இருக்கும் வளையங்களிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருந்து மீன் கழிவின் அம்மோனியா விஷத்தை முறிக்கிற நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். மோட்டார் நின்றதும் அது மூடிய டப்பா. உள்ளே இருக்கும் கொஞ்ச ஆக்ஸிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதன்பின் உள்ளே சேர்ந்திருக்கும் கழிவு அழுக ஆரம்பிக்கும். நீங்கள் முகர்ந்த முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. 18 மணி நேரம் அழுகிய அந்தத் தண்ணீரை, ஏற்கெனவே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மீன்களின் மேல் மோட்டார் போட்டு அடித்திருக்கிறீர்கள். கேனிஸ்டர் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் திறக்காமல், கழுவாமல் மறுபடி போடவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சையும் வளையங்களையும் ஒரு வாளி தொட்டித் தண்ணீரில் அலசிப் போட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மிச்ச பாக்டீரியாவையும் கொன்றுவிடும். கரண்ட் வர நேரமாகும் என்று தெரிந்தால் இன்னும் நல்லது, ஸ்பாஞ்சையும் வளையங்களையும் எடுத்து ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள்.

இனி நான் பெரிதாக நினைக்கும் விஷயம், தீனி. சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து மீன் எப்படி வெளியூர் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன், ரப்பர் பேண்ட், தெர்மாகோல் பெட்டி. மோட்டார் கிடையாது, ஃபில்டர் கிடையாது. ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து உயிரோடு இறங்குகிறது. ஆக்ஸிஜன் அடைத்ததால் மட்டும் என்று நினைக்காதீர்கள். கட்டுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தி வயிற்றைக் காலி செய்துவிடுகிறார்கள். தீனி தின்ற மீனை அதே கவரில் அதே ஆக்ஸிஜனோடு கட்டிப் பாருங்கள், அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே கொன்றுவிடும். செரிக்கிற மீன் சும்மா இருக்கிற மீனைவிட அதிக ஆக்ஸிஜன் இழுக்கும், கழிவும் அதிகம், அந்தக் கழிவு அழுகவும் ஆக்ஸிஜன் போகும், ஆக ஒரு சிட்டிகைத் தீனி மூன்று பக்கம் செலவு வைக்கிறது. பிள்ளைகள் மேல் கோபப்படாதீர்கள், ஆனால் சொல்லிக்கொடுங்கள்: மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது பசி இல்லை, மூச்சுத் திணறல். காற்று படுகிற மேல்தண்ணீரில்தான் கொஞ்சம் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும், அதைத் தேடித்தான் வருகின்றன. நன்றாக வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது. புயல், காற்று என்று அறிவிப்பு வந்த அன்றே தீனியை நிறுத்துங்கள். கரண்ட் போனால் நிறுத்துங்கள். வந்த பிறகும் ஒரு நாள் நிறுத்துங்கள். பெல்லட் டப்பாவில் ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று அச்சடித்திருப்பான், அவன் பெல்லட் விற்கிறவன். பெரிய மீனுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி மருந்துச் செலவு மிச்சம்.

அடுத்து நெரிசல். உங்கள் தொட்டி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் விளிம்பு வரை நிறைத்தாலும் 250 லிட்டர் சொச்சம்தான். அதில் 22 தங்கமீன்! ஒரு பெரிய தங்கமீனுக்கு 30 முதல் 40 லிட்டர் வேண்டும். மோட்டார் ஓடுகிற வரை இந்தக் கடன் தெரியாது, நின்ற அன்று மொத்தமாகக் கேட்கும். அதோடு வெயில் காலம். 20 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மாடித் தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக, காற்று படும்படி இருக்கிறது, மீனும் கொஞ்சம், அதனால் பிழைத்தது. ஹால் தொட்டிக்கு மேலே கண்ணாடி மூடி வேறு போட்டிருப்பீர்கள். கரண்ட் போனதும் முதலில் அதைத் தூக்குங்கள்.

இன்வெர்ட்டர் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். வீட்டுக்கு ஏற்கெனவே இருந்தால் ஒரு ஏர் பம்பை அதில் மாட்டலாம், 5 வாட்டுக்குள்தான் இழுக்கும். தொட்டிக்கென்று தனியாக வாங்குவது வீண் செலவு. 2018 கஜா புயலில் டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, எந்த வீட்டு பேட்டரி அதைத் தாங்கும்? கேனிஸ்டரோடு, ஏர் பம்பின் காற்றால் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் எப்போதும் ஓட விடுங்கள். கரண்ட் போனால் அதன் டியூபைக் கழற்றி ஒரு சின்ன யுஎஸ்பி ஏர் பம்பில் செருகி, பவர் பேங்கில் மாட்டுங்கள். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஏறக்குறைய ஒரு நாள் ஓட்டும். சில பவர் பேங்குகள் மிகக் குறைந்த கரண்ட் இழுத்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று தானாக நின்றுவிடும், அதனால் சும்மா இருக்கும் ஒரு நாளில் ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லையென்றால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கி பம்பும் போகும், தரையும் நனையும். கடையில் அது பத்து இருபது ரூபாய்ச் சாமான், கேட்காமல் யாரும் எடுத்துத் தருவதில்லை. பம்பே இல்லையென்றால் சொம்பால் மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம்.

ஆக்ஸிஜன் மாத்திரையைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகும், அளவு தவறினால் செவுள் வெந்துவிடும். கூடவே தண்ணீரின் பிஹெச், அதாவது காரத்தன்மை, ஏறும், பிஹெச் ஏறினால் தேங்கிய அம்மோனியாவின் விஷமும் ஏறும். ஏக்கர் கணக்கில் குளம் வைத்திருப்பவர் அளந்து போடுகிற சரக்கை 250 லிட்டர் கண்ணாடித் தொட்டிக்குக் கைப்பிடியாக விற்கிறவரிடம் மீன் வாங்குவதையே நிறுத்தலாம்.

மீதி 9 மீன். வால் சிவந்தது பெரும்பாலும் அம்மோனியா எரிச்சலாக இருக்கும், இப்போதைக்கு மருந்து வேண்டாம். தினம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். உங்கள் ஊரில் போர் தண்ணீராகத்தான் இருக்கும், அது பூமிக்குள்ளிருந்து வரும்போது ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும், முந்தின நாளே வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு வைத்து ஊற்றுங்கள். ஃபில்டர் பாக்டீரியா பாதி செத்திருக்கும், அடுத்த சில வாரங்களில் நைட்ரைட், அதாவது அம்மோனியா பாதி மாறிய நிலையில் வரும் இன்னொரு விஷம், ஏறலாம். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் அதில் உள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுளுக்குள் போகவிடாமல் தடுக்கும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு மீன்களை மாடிக்கு மாற்றிவிட்டு 7 மீன்களோடு தொட்டியை விடுங்கள், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.