பின் சக்கரத்தில் ஒரு பிரேக் பேட் மட்டும் தேய்வது ஏன்?

குன்னூரில் ஓடும் உங்கள் பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 123 காரில், இடது பின் சக்கரத்தின் உள்பக்கப் பேட் மட்டும் இரும்பு வரை தேய்ந்துவிட்டது, ஹேண்ட் பிரேக்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது இல்லை. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்குக்கு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் நடுவே தனி டிரம்மும் ஷூவும் உண்டு. பேடை அது தொடவே தொடாது.

பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பின் காலிப்பர் நகராத வகை. டிஸ்க்குக்கு இருபுறமும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள். ஒரு பேட் மட்டும் தேய்ந்தால் அந்தப் பக்கப் பிஸ்டன் பின்வாங்காமல் பிடித்திருக்கும், இல்லையேல் பேடே துருவில் சிக்கியிருக்கும். எதிர்ப் பக்கப் பிஸ்டன் இறுகி வேலையே செய்யாமலும் இருக்கலாம். இதைப் பலர் பார்ப்பதில்லை. நன்றாக இருக்கும் பேடையும் சந்தேகப்படுங்கள்.

சமதரையில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பெடலை மிதித்து விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் காலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. அப்போது இரண்டு பேடுமே தேய்ந்திருக்கும். விடவில்லையென்றால் பிஸ்டனோ பேடோதான்.

என் வண்டியில் ரப்பர் உறை கிழிந்து, பிஸ்டன் விளிம்பில் பழுப்பு வளையமாகத் துரு ஏறியிருந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மூடுபனியைச் சொல்லவே வேண்டாம். ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். இந்தப் பிரேக்கைச் சரிசெய்யும்வரை பர்லியார் மலைப்பாதை இறக்கத்தில் தயவுசெய்து வண்டியை இறக்காதீர்கள்.