சவரான கிணறும் தூசி பிடித்த கோவையும்

கிணத்தடி: வாசகர் கேள்விகள்

வேலணையிலிருந்து ஒரு வாசகி: அக்கா, பங்குனி பிறந்தால் எங்கள் வளவுக் கிணறு சவராகிவிடுகிறது. பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. இன்னும் பத்தடி தோண்டினால் நல்ல தண்ணி வரும் என்று கிணறு வெட்டுகிறவர் சொல்கிறார். தோண்டட்டுமா?

வேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. உள்ள ஒரே வழுக்கையாறும் மாரியில் மட்டுந்தான் ஆறு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வது சுண்ணக்கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கி, கடலிலிருந்து உள்ளே வந்து கிடக்கும் உப்புத் தண்ணிக்கு மேலே மிதக்கிறது. காய்ச்சின பாலில் ஏடு மிதக்கிற மாதிரி. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல தண்ணி இருக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். நீங்கள் பத்தடி தோண்டுவது உப்பை எதிர்கொண்டு அழைக்கப் போகிற வேலை.

மோட்டரைச் சின்னதாக்குங்கள். காலை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று இறையுங்கள். துலா மிதித்த காலத்தில் கிணறு சவராகாததற்கு அப்புமாரின் புண்ணியம் காரணமில்லை. அவர்களின் கால் வலித்தது, அவ்வளவுதான். இன்னொன்று: பக்கத்து வளவில் வெங்காயத்துக்கு இரண்டு குதிரைவலு மோட்டர் ஓடினால், நீங்கள் மட்டும் சிக்கனமாக இருந்து பயனில்லை. வேலி கிணற்றின் அடிவரை போவதில்லை. அவரோடு போய்க் கதையுங்கள். சண்டைக்குப் போகாமல் ஒரு போத்தலில் உங்கள் கிணற்றுத் தண்ணியையும் கொண்டுபோங்கள்.

வடமராட்சி கிழக்கிலிருந்து ஒரு கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர்: ஊருக்குப் பின்னாலிருந்த மணல் திட்டை லொறி லொறியாக ஏற்றிவிட்டார்கள். இப்போது கரையோரக் கிணறுகள் உப்பு. மூன்று தரம் மனு கொடுத்தோம், 200 பேர் கையெழுத்துப் போட்டோம். ஒரு பதிலும் இல்லை. இனி மறியல்தானா?

தம்பி, ஒரு உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ஓய்வு பெறும்வரை நான் ஒரு அரச அலுவலகத்தில் தண்ணீர் மாதிரிகளைப் பதிந்தவள். உங்களுடையதைப்போன்ற மனுக்கள் என் மேசைக்கும் வந்தன. மேலே இருந்தவர் மூலையில் 'கோவையில் இடவும்' என்று எழுதுவார், நான் துளை போட்டு நூல் கோர்த்து இடுவேன். 'எமது கிணறுகள் அனைத்தும் உவராகிவிட்டன, தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்' என்றிருக்கும். எந்தக் கிணறு, எப்போதிருந்து, எவ்வளவு உப்பு என்று ஒரு வரியும் இருக்காது. பதில் எழுத வேண்டிய அவசியமே இல்லாத கடிதம் அது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரில் அதையே மாற்றிச் செய்து பார்த்தோம். சனசமூக நிலையத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி. கடலிலிருந்து உள்ளே வரை 27 கிணறு, ஒவ்வொன்றின் கட்டிலும் பெயின்றால் ஒரு இலக்கம். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு, நுனியில் ஒரு பித்தளைப் பூட்டு. ஒவ்வொரு போயா தினமும், பள்ளிக்கூடம் இல்லாதபடியால், ஓ.எல். படிக்கிற இரண்டு பிள்ளைகள் போய்த் தண்ணி எத்தனை முடிச்சுக்குக் கீழே நிற்கிறது என்று எண்ணி எழுதுவார்கள். தண்ணியில் உப்பு எவ்வளவு என்று காட்டும், பேனா அளவான கடத்துதிறன் மீற்றரைத் தோய்த்து அந்த எண்ணையும் எழுதுவார்கள். முதல் மாதம் பூட்டு 9 ஆம் இலக்கக் கிணற்றில் விழுந்துவிட்டது. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பத்து மாதத்தில் கொப்பியே பேசத் தொடங்கியது. மணல் எடுத்த கிடங்குக்குக் கிட்டவுள்ள ஆறு கிணறுகளில் முதலில் உப்பு ஏறியது, மற்றவற்றில் பிறகு. கொப்பியைக் கொண்டு பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போனோம். "இது யார் எடுத்த அளவு?" என்று கேட்டார்கள். "நாங்கள். பிழையென்றால் நீங்கள் வந்து எடுங்கள்" என்றாள் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. இரண்டு கிழமையில் வந்து எடுத்தார்கள். எண்கள் ஒத்துப்போயின. லொறி முழுதாக நின்றது என்று சொல்லமாட்டேன், இரவில் சிலவேளை சத்தம் கேட்கும். ஆனால் கிடங்கு மேலும் அகலவில்லை.

ஆகவே மறியலுக்கு முதல் கொப்பி. கூடவே, மணல் அகழ யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை கியூப்புக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்லியாக வேண்டும். பிறகு மேன்முறையீடு இருக்கிறது, ஆணைக்குழு இருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 இல் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு 2 கோடி ரூபா கொடுக்கும்படி அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அங்கேயும் கிணற்றுத் தண்ணிப் பரிசோதனை முடிவுகள் கையில் இருந்தன.

மாதர் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சங்கக் கூட்டத்தில் கதைப்பவர்கள் ஆம்பிளைகள், குடம் தூக்குகிறவர்கள் பெண்கள். எந்தக் கிணறு எந்த மாதம் மாறியது என்று அவர்களைக் கேட்டால் மீற்றர் இல்லாமலே பாதிக் கொப்பி நிரம்பிவிடும்.

கோப்பாயிலிருந்து ஒரு மாணவர்: நிலாவரைக் கிணறு வற்றாதே. அதை அப்படியே குழாயில் விட்டால் என்ன?

மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. விட்டால் கொஞ்ச நாளில் கோப்பாய் முழுக்க உப்புத் தேத்தண்ணிதான்.

யாழ். நகரிலிருந்து ஒரு வாசகர்: கிளிநொச்சிக்காரர் இரணைமடுக் குளத்துத் தண்ணியைத் தரமாட்டோம் என்றபடியால்தானே நாங்கள் கடல் தண்ணி குடிக்க வேண்டி வந்தது? நாமும் தமிழர்தானே?

தமிழராக இருந்தால் தாகம் பொதுவாகிவிடுமா? இரணைமடுவின்கீழ் நெல் செய்கிறவர்களுக்குச் சிறுபோகத்துக்கே தண்ணி காணாத வருஷங்கள் உண்டு. குழாய் போடும் திட்டம் வந்தபோது, வரட்சி வந்தால் முதலில் யாருக்கு என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. நம்பும்படியான பதில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

பதிலாக வந்ததுதான் தாளையடி. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீராக்கும் நிலையம், 2024 ஓகஸ்டில் திறந்தார்கள். தண்ணி வருவது நல்லதே. ஆனால் கடல் தண்ணியிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் கனக்க வேண்டும், அந்தச் செலவு யாரோ ஒருவரின் தலையில் விழும். பிரித்த உப்பு திரும்பக் கடலுக்குத்தான் போகிறது. அந்தக் கரையில் வலை போடுகிறவர்கள் அதைப்பற்றிக் கேட்டால் 'அபிவிருத்திக்கு எதிரி' என்று பெயர் வைக்காதீர்கள். வெளியேறும் வாயில் அளந்த எண்களை மாதாமாதம் சங்கத்தின் பலகையில் ஒட்டுங்கள் என்று யாழ்ப்பாணத்துக்காரரான நாங்களும் அவர்களோடு சேர்ந்து கேட்கலாமே. குடிக்கப் போகிறவர்கள் நாங்கள்தானே.

அதற்கிடையில் ஒவ்வொரு மாரியும் வெள்ளம் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? 2020 புரெவிப் புயல், 2024 கார்த்திகை வெள்ளம், 2025 டித்வாப் புயல். ஒரு கிழமை வீதியில் நெஞ்சளவு தண்ணி, பிறகு கடலுக்கு. கடலோடு சேர்ந்த உப்பேரிகளின் வாயை மறித்து மாரித் தண்ணியால் நன்னீராக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950 களிலேயே வரைந்து வைத்தார். அப்படி ஒரு வாயை மறிக்கும் தொண்டைமானாற்று உவர்நீர்த் தடுப்பணையின் கதவுகள் உக்கிக் கிடந்த காலத்தில் அதன் வழியே கடல் உள்ளே வந்தது. நாங்கள் சண்டை பிடித்தது இரணைமடுவுக்கு, கதவுக்கு இல்லை.

நெல்லியடியிலிருந்து ஒரு இளம் தாய்: எங்கள் கிணற்றில் நைத்திரேற்று கூட என்று சொன்னார்கள். கொதிக்க வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற அது இன்னும் செறியும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலென்றால் கைக்குழந்தையின் பால்மாவுக்கு அந்தத் தண்ணி வேண்டவே வேண்டாம். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று இன்றைக்கே அளந்து பாருங்கள், நைத்திரேற்று அங்கேயிருந்தும் வரும். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து.

ரொறன்ரோவிலிருந்து ஒரு ஊர்ச் சங்கத்தினர்: ஊரில் பத்துக் குழாய்க்கிணறு அடிக்கக் காசு சேர்த்திருக்கிறோம். தீவுப்பகுதி. உங்கள் அபிப்பிராயம்?

சேர்த்த மனதுக்கு நன்றி. குழாய்க்கிணறு வேண்டாம், முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள். பெயர்ப்பலகை வைக்க வசதியாக இருக்கும் என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை.

மழைத் தண்ணி பிடிக்கத் தாங்கியும் கூரைப் பீலியும் கொடுங்கள். 50 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர், அதில் சிந்துவது கொஞ்சம். கார்த்திகையில் அப்படி எத்தனை மழை! 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று நிரம்ப மாரி முழுக்கத் தேவையில்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று இறுக்கிப் பிடித்தால், நாளுக்கு 30 லீற்றர்ப்படி ஒரு சின்னக் குடும்பம் ஐந்து மாதம் தாக்குப்பிடிக்கும். முதலில் தண்ணிப் பவுசர் போகாத ஒழுங்கைக் கடைசி வீடுகளுக்குக் கொடுங்கள். பட்டியலை நீங்கள் அங்கிருந்து போடவேண்டாம், ஊர் மாதர் சங்கம் போடட்டும்.

பீலிக்குத் தகரம் வாங்கிவிடாதீர்கள், கடற்காற்றுக்குத் துருப்பிடித்துவிடும். பிவிசி போடுங்கள். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே திருப்ப ஒரு மூடியும் வையுங்கள். கூரையில் காகம் என்ன செய்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா.