கூபர்டினோவில் வாடகைக்கு இருந்தால் மதிப்பில்லையா?

"எச்-1பி வேலை விசாவில் கலிஃபோர்னியாவின் கூபர்டினோவுக்கு வருகிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. அங்கேயே வீடு வாங்கிவிடலாமா? வாடகைக்கு இருந்தால் நம்மவர்களே மதிக்க மாட்டார்களாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வாங்குவது இப்போதைக்கு வேண்டாம். மதிப்பு விஷயம்தான் கொஞ்சம் பேச வேண்டியது.

அங்கே மூன்று படுக்கையறைத் தனிவீடு 30 லட்சம் டாலரைச் சுற்றி நிற்கிறது. மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். பழத்தோட்டங்களை அழித்து 1950, 60களில் வரிசையாகக் கட்டிய, மாடி இல்லாத மரச்சட்ட வீடுகள்தான் பெரும்பாலும். முகவரியைப் பொறுத்துத்தான் அரசுப் பள்ளி கிடைக்கும், அந்தப் பள்ளி எல்லைக்குத்தான் அந்த விலை. அதோடு ப்ராப் 13 சேர்ந்துகொள்கிறது. 1978-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம். அடிப்படைச் சொத்து வரி ஆண்டுக்கு, வாங்கிய விலையில் 1 சதவீதம். விற்கும்வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 1985-இல் இரண்டு லட்சத்துக்கு வாங்கியவருக்கு இன்று 4,400 டாலர் அளவில் வரும். வேலிக்கு இந்தப் பக்கம் அதே அளவு வீட்டை இன்று வாங்கினால் உங்களுக்கு 30,000. உள்ளூர்ப் பள்ளிக் கடனுக்கான வரிகள் தனி. அவர் ஏன் விற்கப் போகிறார்?

சரி, மதிப்பு. பிறந்தநாள் விழாவில் பேப்பர் தட்டோடு நிற்கும்போது முதலில் "எந்த கம்பெனி" என்பார்கள், அடுத்து "எந்த ஸ்கூல்", அப்புறம் "சொந்தமா, ரெண்டா". ரெண்ட் என்றதும், துக்கம் விசாரிக்க வந்தவர் போல, "பரவாயில்லை, சீக்கிரம் வாங்கிடுவீங்க" என்று ஓர் ஆறுதல். சொல்பவரும் வருடக்கணக்கில் அபார்ட்மென்டில் இருந்தவராகத்தான் இருப்பார்.

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். நகர மன்றக் கூட்டத்தில் பேசுவதைக் கேட்டால்தான் வயிறு எரியும். ஸ்டீவன்ஸ் க்ரீக் சாலையும் உல்ஃப் சாலையும் சந்திக்கும் இடத்தில் வால்கோ என்று பழைய மால் இருந்தது. அந்த இடத்தை என்ன செய்வது என்று ஊரே சண்டை போட்டது. 2016-இல் இரண்டு தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்து இரண்டுமே தோற்றன. 2018-இல் மாநிலச் சட்டத்தின் தயவில் 2,402 வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது, அதில் பாதி வருமானம் குறைந்தவர்களுக்கு. அதை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். மால் கட்டடத்தை இடித்த பிறகும் மனை வருடக்கணக்கில் சும்மாவே கிடந்தது.

இப்படித் திட்டம் வரும்போதெல்லாம் எதிர்த்துப் பேசுபவர்களில் நம் ஆட்களும் உண்டு. "டிராஃபிக் கூடும், ஸ்கூலில் நெரிசலாகும்" என்பார்கள். "அந்த மாதிரி ஆட்கள் வந்துவிடுவார்கள்" என்பது வாய்வரை வந்து நின்றுவிடும். நெரிசலாம்! பிள்ளைகள் போதவில்லை என்று கூபர்டினோ பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) 2022-இல் இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடியது. (வடக்கே வுட்சைட் என்ற பணக்கார ஊர் இன்னும் ஒரு படி மேலே. அதே ஆண்டு, ஊர் முழுவதும் மலைச்சிங்கம் வாழும் இடம், ஒரு மனையில் கூடுதல் வீடு கட்ட விட முடியாது என்று அறிவித்தது. மாநில அட்டர்னி ஜெனரல் கண்டித்ததும் பின்வாங்கியது.)

அந்த மாதிரி ஆட்கள் யாரென்றால், பள்ளியில் உதவி டீச்சர், பக்கத்து ஊர் சன்னிவேலில் நமக்குத் தோசை ஊற்றும் மாஸ்டர். கிழக்கே தொலைவில் இருக்கும் ட்ரேசி, மன்டீகா பக்கமிருந்து அல்டமான்ட் கணவாய் தாண்டி வர, விடியுமுன் கிளம்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

நீங்கள் வாடகைக்கே பாருங்கள். மேற்கு சான் ஹோசேயிலும் சன்னிவேலிலும் கூபர்டினோ பள்ளி மாவட்டத்துக்குள் வரும் தெருக்கள் உண்டு. முகவரியில் ஊர்ப் பெயர் மாறும், பள்ளி மாவட்டம் அதேதான். கையெழுத்துப் போடும் முன் கதவு எண்ணைக் கொடுத்து மாவட்டத்திடம் உறுதி செய்யுங்கள். புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள். 24 லட்சம் கடன், வட்டி 6.5 சதவீதம் என்றால் மாதத் தவணை மட்டும் 15,000 டாலர். எச்-1பியில் வேலை போனால் கிடைக்கும் அவகாசமோ அதிகபட்சம் 60 நாள். இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

அட்வான்ஸுக்காக ஊரில் நகையை வைக்க வேண்டாம். சென்னை மாதிரி பத்து மாதமெல்லாம் இங்கே இல்லை. 2024 ஜூலை முதல் கலிஃபோர்னியாவில் ஒரு மாத வாடகைதான் உச்சவரம்பு. ஓரிரண்டு சொத்து மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர் இரண்டு மாதம் வரை கேட்கலாம். உங்களுக்கு இங்கே கிரெடிட் ஸ்கோர் இருக்காது, அதனால் சம்பளம் போட்ட வேலைக் கடிதத்தைக் கையோடு கொண்டு வாருங்கள்.