அமெரிக்க அதிபர்கள், ஜெனரல்கள்: கேளுங்க, பதில் சொல்றேன்

ரெண்டே கண்டிஷன். அதிபர், ராணுவம் சம்பந்தமா மட்டும் கேளுங்க. வாட்ஸ்அப்ல வந்த பொன்மொழியைத் தூக்கிட்டு வந்து "இதை லிங்கன் சொன்னாராமே"ன்னு கேக்காதீங்க.

குவைத் ராஜா: அண்ணே, லிங்கன் செக்ரட்டரி பேரு கென்னடி, கென்னடி செக்ரட்டரி பேரு லிங்கன், நிஜமா?

பாதி. கென்னடிகிட்ட எவ்லின் லிங்கன்னு ஒருத்தங்க இருந்தாங்க. லிங்கன்கிட்ட இருந்தவங்க ஜான் நிக்கோலேயும் ஜான் ஹேயும். கண்டிஷன் போட்டு ஒரு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள ஃபார்வர்டு வந்துருச்சு பாருங்க.

நிலா: கெட்டிஸ்பர்க் உரையை லிங்கன் ட்ரெயின்ல போறப்ப கவர் பின்னாடி கிறுக்கினார்னு ஸ்கூல்ல சொன்னாங்க சார்.

கதைம்மா. வெள்ளை மாளிகை லெட்டர்ஹெட்லயே முதல் பக்கம் எழுதின கைப்பிரதி இன்னும் இருக்கு. உள்நாட்டுப் போர்ல செத்த வீரர்களோட கல்லறையில அவர் பேசினது 1863 நவம்பர் 19, மொத்தமே சுமார் 270 வார்த்தைதான். அவருக்கு முன்னாடி எவரெட்னு ஒருத்தர் ரெண்டு மணி நேரம் பேசினார், அது யாருக்கு ஞாபகம் இருக்கு.

பரமக்குடி பையன்: அதிபர் ட்ரூமன் ஏன் ஜெனரல் மெக்ஆர்தரை வேலையை விட்டுத் தூக்கினார்? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

அப்பாடா, ஒரு கேள்வி வந்துச்சு. கொரியப் போர் சமயம். 1950 ஜூன்ல வட கொரியா தென் கொரியாவுக்குள்ள புகுந்து, ஆகஸ்ட் வாக்குல அமெரிக்கப் படை பூசான் மூலையில ஒடுங்கி நிக்குது, அப்ப அங்க படைத் தலைவரா இருந்த மெக்ஆர்தர் செப்டம்பர் 15 அன்னிக்கு இஞ்சோன்ல கடல் வழியா எதிரிக்குப் பின்னாடி படையை இறக்குறார், அங்க அலை ஏத்த இறக்கம் பயங்கரம், வேணாம்னு பல பேர் சொன்ன ப்ளான், ஆனா ஜெயிச்சுட்டார், அதுக்கப்புறம் அவரை எதிர்த்துப் பேச ஆள் இல்ல. அக்டோபர் 15, வேக் தீவுல ட்ரூமனைப் பாத்தப்ப சீனா சண்டைக்கு வர வாய்ப்பு ரொம்பக் கம்மின்னார். நவம்பர் கடைசியில லட்சக்கணக்குல சீனப் படை வந்து அடிச்ச அடியில ஜனவரியில சியோலே திரும்பக் கை விட்டுப் போச்சு.

ஆனா தோத்ததுக்காகத் தூக்கல. இதை எல்லாரும் கோட்டை விடுறாங்க. கொள்கை விஷயமா எதுவும் வெளிய பேசணும்னா வாஷிங்டன்ல அனுமதி வாங்கணும்னு டிசம்பர்லயே உத்தரவு போயிருச்சு. மார்ச்ல ட்ரூமன் சமாதானப் பேச்சுக்கு அறிக்கை தயார் பண்றார்னு தெரிஞ்சும் இவர் முந்திக்கிட்டு 24ந்தேதி சீனாவை மிரட்டி அறிக்கை விடுறார். அப்புறம் பிரதிநிதிகள் சபையில குடியரசுக் கட்சித் தலைவரா இருந்த ஜோ மார்ட்டினுக்கு, வெற்றிக்கு மாற்று கிடையாதுன்னு ஒரு லெட்டர், அதை அவர் ஏப்ரல் 5 சபையில படிச்சுட்டார். முடிஞ்சது. 1951 ஏப்ரல் 11, ராத்திரி ஒரு மணிக்கு பிரஸ்ஸைக் கூப்பிட்டு அறிவிச்சாங்க. மெக்ஆர்தர் தலைமையகம் இருந்த டோக்கியோவுல அவருக்கு ஆர்டர் போறதுக்கு முன்னாடியே ரேடியோவுல நியூஸ் போயிருச்சு, மனைவி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டார். அந்த விதம் அசிங்கம்தான், நானும் ஒத்துக்குவேன்.

டீக்கடை தோழர்: எல்லாம் ஈகோ ஐயா. துணிக்கடை வச்சு நட்டப்பட்ட ட்ரூமன் ஜெனரலுக்குப் பாடம் எடுக்கறதா? சீனாவுக்குள்ள குண்டு போட விட்டிருந்தா இன்னிக்கு வட கொரியாவே இல்ல.

அந்தத் துணிக்கடைக்காரர் முதல் உலகப் போர்ல பிரான்ஸ்ல பீரங்கிப் படை கேப்டன் தோழரே. சரி, அவர் வேணாம், முப்படைத் தளபதிகள் குழுத் தலைவர் பிராட்லி என்ன சொன்னார்? சீனாவோட மோதுனா அது தப்பான போர், தப்பான இடம், தப்பான நேரம், தப்பான எதிரின்னு செனட் விசாரணையில சொன்னார். அவரும் துணி வித்தவரா? மெக்ஆர்தருக்குக் கீழ கொரியாவுல படையை நடத்தின ஜெனரல் ரிட்ஜ்வே சீனாவுக்குள்ள ஒரு குண்டு போடாம மார்ச்லயே சியோலைத் திரும்பப் பிடிச்சுட்டார்.

ஈழத்து வாசகன்: மெக்ஆர்தர் அணுகுண்டு போடச் சொன்னதாலதானே நீக்கினவை?

இல்ல. அணுகுண்டைப் பத்தி 1950 நவம்பர் 30 பிரஸ் மீட்ல வாயை விட்டதே ட்ரூமன்தான், பிரிட்டிஷ் பிரதமர் அட்லி பதறியடிச்சு வாஷிங்டன் பறந்து வந்தார்.

டீக்கடை தோழர்: மக்கள் மெக்ஆர்தர் பக்கம் இருந்தாங்களே, அதுக்கு என்ன பதில்?

இருந்தாங்க. நியூயார்க்ல ஊர்வலம், பேப்பர் மழை, ட்ரூமனோட ஆதரவு 1952ல கேலப் கருத்துக்கணிப்புப்படி 22 சதவீதத்துக்கு இறங்குச்சு. ஆனா அதே 1952ல குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரா யாரை நிறுத்துச்சு? ஐசன்ஹோவரை. ஒரு காலத்துல பிலிப்பைன்ஸ்ல மெக்ஆர்தர் கீழ வேலை பாத்த ஆளு. கைத்தட்டு வேற, ஓட்டு வேற.

ஸ்டாம்ப் கலெக்டர்: சீனா வரும்னு யாருமே எச்சரிக்கலயா?

எச்சரிச்சது நம்ம ஆளு மூலமாத்தான். 1950 அக்டோபர் 3 அதிகாலை சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரைக் கூப்பிட்டு, அமெரிக்கப் படை ரெண்டு கொரியாவையும் பிரிக்கிற 38வது இணைகோட்டைத் தாண்டினா நாங்க வருவோம்னு சொன்னார். பணிக்கர் சீனா பக்கம் சாயுற ஆளுன்னு வாஷிங்டன் அதைத் தள்ளிவிட்டுருச்சு. இதை நாலு பேர் படிச்சா எனக்கு சந்தோஷம். இன்னொண்ணு, அந்தப் போர்ல 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்னு இந்திய மருத்துவப் படை போச்சு, தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்ல முன்சான்ல அமெரிக்கப் பாராட்ரூப்பர்களோட சேந்து இவரும் ஆட்களோட குதிச்சார். மகாவீர் சக்ரா வாங்கினவர், பேரே தெரியாம வச்சிருக்கோம்.

டீக்கடை தோழர்: லிங்கனும் மெக்லெல்லனைத் தூக்கினார்ல? அதிபர்களுக்கு இதே பொழைப்பு.

மெக்லெல்லன் உள்நாட்டுப் போர்ல லிங்கனோட ஜெனரல், சண்டைக்குக் கிளம்பாததால போனார், 1862 நவம்பர். மெக்ஆர்தர் வாயால போனார். ரெண்டும் ஒண்ணு இல்ல. மெக்லெல்லன் 1864ல லிங்கனை எதிர்த்தே நின்னார், தேர்வாளர் ஓட்டு 212க்கு 21, ராணுவத்துக்காரங்களே பெரும்பாலும் லிங்கனுக்குத்தான் போட்டாங்க.

சாஃப்ட்வேர் சங்கர்: எச்1பி லாட்டரி எப்ப சார் வரும்?

வக்கீல்கிட்ட போங்க.

மீனா: அமெரிக்கா கடைசியா முறைப்படி போர் அறிவிச்சது எப்போ?

1942 ஜூன். பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மேல. கொரியா, வியட்நாம், ஈராக் எதுக்கும் முறையான அறிவிப்பு இல்ல.

ரயில்வே ரவி: மெக்ஆர்தரை அணுகுண்டு விஷயத்துலதானே தூக்கினாங்க?

மேல ஏறிப் படிங்க ரவி. வேற ஆளு பத்தி கேளுங்கப்பா, ஜாக்சன் இருக்கார், 1814 டிசம்பர் 24 பெல்ஜியத்துல இருக்கிற கென்ட்ல பிரிட்டனோட சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிருச்சு, சேதி கடல் தாண்டி வர்றதுக்குள்ள ஜனவரி 8 அன்னிக்கு நியூ ஆர்லியன்ஸ்ல பிரிட்டிஷ்காரனை அடிச்சு ஹீரோ ஆகி, பின்னாடி அதிபரே ஆனார், இதை ஒருத்தராவது கேட்டீங்களா?