அலமாரியில் வைக்கவா, அடுப்பில் ஏற்றவா?

பழைய சாமான், வீட்டு அலங்காரம், செட்டிநாட்டுச் சமையல், ஊர்சுற்றல் என்று வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற தெரு இருக்கிறதாமே, அக்கா? புது ஃபிளாட்டுக்கு ஏதாவது வாங்கலாம் என்று நானும் தங்கையும் பொங்கலுக்குப் பிறகு வருகிறோம். ஏமாறாமல் வாங்க என்ன பார்க்க வேண்டும்?
– சென்னை வாசகி

வாங்க, வாங்க. பொங்கல் கழித்து வருவதுதான் சரி. சித்திரை வெயிலில் வாசலில் கிடக்கிற பித்தளையைத் தொடக்கூட முடியாது. நீங்கள் சொல்வது முனீஸ்வரன் கோவில் தெரு. நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். என் மாமியார் அந்தத் தெருவை "அழிஞ்ச வீட்டுச் சந்தை" என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்று, அதாவது தொழில் செய்து, நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டியவை இந்த ஊர்ப் பெரிய வீடுகள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவு படுத்துவிட்டது. அப்புறம் ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். ஓடு மாற்றக்கூட யாரும் இல்லாமல் வீட்டைப் பிரித்தபோது பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, சீர்ச் சாமான் எல்லாம் தெருவுக்கு வந்தன.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தூணும் நிலைக்கதவும் வாங்காதீர்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஃபிளாட் உயரத்துக்குத் தூணை வெட்ட வேண்டும். கதவைப் படுக்கவைத்துக் கண்ணாடி போட்டு டீபாய் ஆக்குவார்கள். லட்சுமி செதுக்கிய கதவின் மேல் காபி டம்ளர் வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புழங்குகிற பொருளாக வாங்குங்கள். ஊறுகாய் ஜாடி, எனாமல் தூக்கு, அஞ்சறைப் பெட்டி, பாக்குவெட்டி, பித்தளை அடுக்கு.

எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். விஷயமெல்லாம் அடியில்தான் இருக்கிறது. பித்தளை என்றால் அடியில் ஈயப் பற்று வைத்து ஓட்டை அடைத்திருக்கிறார்களா என்று தெரியும். எனாமல் என்றால் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாகியா என்று முத்திரை இருக்கும். செக்கோஸ்லோவாகியா என்ற நாடே 1918இல்தான் பிறந்தது. ஆகவே அந்த முத்திரையைக் காட்டி "நூற்றைம்பது வருஷத்துச் சாமான்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு விலையைப் பேசுங்கள். உள்பக்கம் பூச்சு பெயர்ந்து இரும்பு தெரிந்தால் புளிப்பு, உப்புச் சமாச்சாரம் எதையும் அதில் வைக்க வேண்டாம்; வத்தல் போட்டு வைக்கலாம்.

ஜாடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். டங்கென்று ஓசை நீண்டால் நல்லது. டப்பென்று அடங்கினால் எங்கோ விரிசல். பழைய ஊறுகாய் ஜாடியில் விரிசல் இருந்தால் வெளியே உப்புப் பூத்து வெள்ளைக் கோடாகத் தெரியும். துடைத்து வைத்திருந்தாலும் விரலால் தடவினால் நறநறக்கும்.

இன்னொரு விஷயம். சீர்ப் பாத்திரங்களில் விளிம்பின் கீழே புள்ளி புள்ளியாக உளியால் எழுத்து வெட்டியிருப்பார்கள். அதுதான் அந்தக் குடும்பத்து விலாசம், அதாவது பெயர்களின் முதலெழுத்துகள். விசேஷத்துக்குப் பாத்திரம் வீடு மாறிப் போனாலும் எழுத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கடையில் "மெஷின்ல பாலிஷ் போட்டுத் தரேன்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெஷினில் போனால் எழுத்து தேய்ந்து மழுங்கிவிடும். வீட்டில் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாலே போதும்.

விலையா? நீங்களாக ஒரு தொகை சொல்லாதீர்கள். பித்தளையை எடை போடச் சொல்லி, அன்றைய பித்தளை விலையோடு ஒப்பிட்டுப் பேசுங்கள். பிடித்த சாமானை முதலில் கையில் எடுக்காதீர்கள். இரண்டு சாமான் தள்ளி இருப்பதை விசாரித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

பாட்டி வைத்திருந்த ஈயச்சொம்பு எனக்கு வந்திருக்கிறது. ரசம் வைக்க ஆசை; உருகிவிடுமோ என்று பயம். ஈயம் உடம்புக்கு விஷம் என்றும் பயமுறுத்துகிறார்கள். அலமாரியிலேயே இருக்கட்டுமா, அம்மா?
– கும்பகோணம் வாசகி

இரண்டு பயமும் நியாயம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு. ரசச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. விஷம் என்று சொல்வது காரீயத்தை. காசுக்கு ஆசைப்பட்டுக் காரீயம் கலந்து வார்த்தவையும் உலவுகின்றன. அதனால் பாட்டி சொம்பேயானாலும் சோதித்துவிடுங்கள். விளிம்பை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் அடுப்பங்கரைக்கே கொண்டுபோக வேண்டாம். கோடு விழவில்லை என்பதாலும் முழுசாக நம்பிவிட முடியாது. கலப்பு கொஞ்சமாக இருந்தால் தாளில் தெரியாது. உலோகம் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் ஒரு தடவை கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் சாப்பிடுகிற வீடு இல்லையா?

தேறிவிட்டது என்றால் தைரியமாக ரசம் வையுங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அடி நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனால்தான் வம்பு. திரும்பி வரும்போது அடுப்பில் வெள்ளிக் குழம்பு ஓடும். முதலில் புளித்தண்ணீர், அப்புறம் சொம்பு அடுப்பில், அப்புறம்தான் தீ. இந்த வரிசை மாறக்கூடாது. சொம்பு முக்கால் நிறைந்திருக்கட்டும், தீ அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக்கூடாது. பருப்புத்தண்ணீர் விளாவி, நுரை கட்டி மேலே எழும்பும்போதே இறக்கிவிடுங்கள். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து மேலே கொட்டுங்கள். காய்ந்த எண்ணெயின் சூடு தண்ணீர்ச் சூடு இல்லை, ஆகவே சொம்புக்குள் தாளிக்கவே கூடாது. கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறிவிடும்.

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்து மூன்று வருஷம் ஆகிறது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து வேலைக்காரம்மா துடைத்ததில் பளபளப்பு போய்விட்டது. என்ன செய்யலாம்?
– கோவை வாசகர்

முதலில் அந்த பாட்டிலை ஒளித்து வையுங்கள், தம்பி. ஆத்தங்குடிக் கல்லுக்கு மேலே பீங்கான் பூச்சு கிடையாது. அதைச் சூளையில் சுடுவதும் இல்லை. ஆத்தங்குடிக்கே போய்ப் பார்த்தால் புரியும். கண்ணாடித் தட்டைப் போட்டு, அதன் மேல் உலோக அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட் கூழைப் பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை அலுங்காமல் தூக்கினாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பதைப் பார்க்க வேண்டும்! மேலே காய்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, கலவை வைத்து அழுத்தி மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறல், காய்ச்சல். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வந்தது. ஆக, நீங்கள் நடப்பது சிமெண்ட் மேல். ஆசிட் சிமெண்டைத் தின்னும். எலுமிச்சை, வினிகர்கூட ஆகாது.

அரித்த இடம் அப்படியே பழையபடி ஆகாது. ஆனால் முக்கால்வாசி தேற்றலாம். நாலைந்து நாள் வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு மெல்லத் தேயுங்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், தூசியும் ஒட்டும். அதற்குமேல் கால் பட்டுப் பட்டுத்தான் மெருகு ஏற வேண்டும். கம்பளம் விரித்து மூடிவிடாதீர்கள்.

"காசு கொடுத்து யாராவது பழைய தகரத்தை வாங்குவாளா?" என்று ஒவ்வொரு தடவையும் மாமியார் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?
– மதுரை வாசகி

பதில் சொல்லாதீர்கள். அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "இது எங்க வீட்டிலேயே இருந்துச்சே, நாலணாவுக்குப் போட்டுட்டோமே" என்று அவரே இரண்டு சாமான் எடுப்பார்.

ரவி வர்மா லட்சுமி படம் ஒன்று, பழைய தேக்குச் சட்டத்தோடு, விலைக்கு வந்திருக்கிறது. அசல் அச்சுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– சேலம் வாசகர்

ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்துப் போட்ட படங்கள் கல்லச்சு. நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல தடவை அச்சடித்தவை. கன்னத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கைப்போக்கில் ஒழுங்கில்லாமல் சிதறிய புள்ளிகள் தெரியும். இப்போதைய ஆஃப்செட்டில் புள்ளிகள் வரிசை பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகக் கூடி நிற்கும். சட்டம் பழசாக இருப்பதை நம்பாதீர்கள். பழைய சட்டத்துக்குள் புதுப் படம் போடுவது ரொம்ப சுலபமான வேலை.

பரம்பரை வெண்கல விளக்கு ஒன்றை அமெரிக்காவில் இருக்கிற மகளுக்குக் கொடுத்தனுப்பலாமா? வயது நூறுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள்.
– திருச்சி வாசகி

நூறுக்கு மேல் என்றால் கூடாது, அம்மா. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சொந்தச் சொத்து, மகளுக்குச் சீதனம் என்றெல்லாம் விமான நிலையத்தில் சொல்லிப் பயனில்லை. வயது குறைவு என்று நினைத்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்பலாம். என்னைக் கேட்டால், அந்த விளக்கு உங்கள் வீட்டிலேயே எரியட்டும். மகளுக்கு நாச்சியார்கோவிலில் புது குத்துவிளக்கு வாங்கி அனுப்புங்கள். திருகிக் கழற்றினால் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

செட்டிநாட்டுக்கு வந்தபோது ஒரு வீட்டில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டேன். வீட்டில் செய்தால் சிவந்துபோகிறது, எண்ணெயும் குடிக்கிறது. பக்குவம் சொல்லுங்கள், ஆச்சி.
– திருநெல்வேலி வாசகி

அளவில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்துகொள்ளுங்கள். அதே ஆழாக்கில் அரிசிக்கு மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவியுங்கள். சரிந்து விழாமல் நிற்கிற மட்டும். அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்தே இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, வெண்ணெய்போல ஆட்டுங்கள். உப்பு, ஒரு கரண்டி பால், ஒரு சிட்டிகை சர்க்கரை. அதிகம் சர்க்கரை போட்டால் சிவக்கும். உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம்.

மாவைப் புளிக்கவிடக்கூடாது. புளித்தால் எண்ணெய் குடிக்கும். ஆட்டினதும் சுட்டுவிடுங்கள். தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர இருக்கட்டும். குழிந்த சின்ன வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு கரண்டி மாவை நடுவில் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். தானாக மேலே வந்து, நடுவில் உப்பி, ஓரம் வலை பின்னும். உடனே திருப்பி, நிறம் மாறுவதற்குள் எடுங்கள். ஒன்று ஒன்றாகத்தான் சுட வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி.

மாவு மிஞ்சி மறுநாள் புளித்துவிட்டால் வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றிவிடுங்கள்.