பிக்கப்பில் சப்ஊஃபர்: பெட்டியை அளந்தீர்களா? (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப்காரர்களுடையவை. டபுள் கேப் வண்டி வாங்கிய கையோடு பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போய் ஏதோ ஒரு சப்ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர், சுருக்கமாக ‘சப்’) பாக்ஸைத் தூக்கி வந்துவிட்டு, அப்புறம் எனக்கு எழுதுகிறீர்கள். வரிசையை மாற்றிப் பார்க்கலாம்: முதலில் அளவு, அப்புறம் பாக்ஸ்.

12 இன்ச் சப்புக்கு எந்த சைஸ் பாக்ஸ் போடலாம்? (பெயர், ஊர் இல்லை)

எந்த கம்பெனி, எந்த மாடல், எந்த வண்டி? மூன்றும் இல்லாமல் கேட்டால், ‘கால் 9 இன்ச், எந்தச் செருப்பு நல்லது?’ என்று கேட்பது மாதிரிதான். பொதுவாகச் சீல்டு (முழுக்க அடைத்த பெட்டி) என்றால் ஒரு கன அடி, போர்ட்டட் (காற்றுத் துளை வைத்தது) என்றால் இரண்டு. சரியான கணக்கு சப்புடன் வந்த தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள்.

டி-மேக்ஸ் வி-க்ராஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். தாளில் ஒன்றரை கன அடி சீல்டு என்று இருந்தது. ஆசாரியிடம் 24 x 14 x 8 இன்ச் சொல்லி, 18 எம்எம் எம்டிஎஃப்பில் (மரநார் பலகை) செய்து வாங்கினேன். ஆழமான பேஸே இல்லை, ஒரே இடத்தில் ‘தும் தும்’ என்கிறது. சப் டூப்ளிகேட்டா? (சிவாஜிநகர்)

சப் நல்ல சப்தான். இருபது வருஷமாக இதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் போடுகிறேன். நீங்கள் ஆசாரிக்குக் கொடுத்தது வெளி அளவு. 24 x 14 x 8 என்பது 2688 கன இன்ச். 1728-ஆல் வகுத்தால் ஒன்றரை கன அடி வருகிறது, கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் பலகை 18 எம்எம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒவ்வொரு அளவிலும் ஏறக்குறைய 1.4 இன்ச் மரமே தின்றுவிடும். உள்ளே மிஞ்சுவது 22.6 x 12.6 x 6.6. அதாவது 1.1 கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் சப்பின் காந்தமும் கூடையும் (பின்னால் இருக்கும் சட்டம்) போய் உட்கார்ந்தால் சுமார் 0.1 போகும். நடுவே தாங்கு கட்டை வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம். கேட்டது ஒன்றரை, கிடைத்தது ஒன்று. சீல்டு பாக்ஸ் சிறுத்தால் கீழ் ஸ்வரம் குறைந்து, மேலே ஓரிடத்தில் மேடு கட்டும். உங்கள் ‘தும் தும்’ அதுதான்.

ஆசாரியைக் குறை சொல்லாதீர்கள், அவர் அலமாரி செய்கிறவர். முன்பு நான் வேலை பார்த்த கடையிலேயே வெளி அளவை எழுதி ஒட்டித்தான் பாக்ஸ் விற்றோம். கேட்டால், ‘கஸ்டமர் டேப் வைத்து அளந்தால் சரியாக வருமே’ என்பார் முதலாளி!

இப்போதைக்கு உள்ளே கால் கிலோ தலையணைப் பஞ்சு அடையுங்கள். பெட்டி பத்து சதவீதமோ கொஞ்சம் கூடவோ பெரிசானது போல நடந்துகொள்ளும். பாலியஸ்டர் பஞ்சு, இலவம்பஞ்சு அல்ல (ஒருவர் அதையும் அடைத்திருந்தார், காந்தத்தைச் சுற்றி ஒரே தூசு). அடுத்த பெட்டிக்கு முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, பின் சீட்டுக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். சீட் இறங்குகிறதா, பெல்ட் கொக்கி தடுக்கிறதா, ஜாக்கி வெளியே வருகிறதா? ஓசூர் ரோட்டில் ராத்திரி பஞ்சரானால் ஜாக்கியை எடுக்கப் பெட்டியைக் கழற்ற முடியாது.

பெட்டியில் காற்று கசிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாட்டை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே ஓட்டை. சிலிகான் வைத்து அடைத்தால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு அப்புறம் சப்பை மாட்டுங்கள். ஈர சிலிகானின் புளித்த வாடை சப்புக்கு ஆகாது.

பேஸ் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது. கடையில் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொல்கிறார்கள். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 1000 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி). (அல்சூர்)

போடாதீர்கள். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டரில் அடங்குவது 100 ஜூல் ஆற்றலுக்கும் குறைவு. உங்கள் ஆம்ப் அதை முழுக்க உறிஞ்சினாலும் பத்தில் ஒரு செகண்ட் தாங்காது. 1000 வாட் தர, மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி ஆம்புக்கே 90 ஆம்பியர் வேண்டும். அந்தப் பணத்தில் மூன்று ஒயரைத் தடிமனாக்குங்கள்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு. பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்க வேண்டும். செம்பு பூசிய அலுமினிய ஒயரை அசல் செம்பு என்று விற்பார்கள், நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஆம்புக்குப் போகும் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ். இதைப் போன முறையும் எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் ஆம்ப் அணைந்துவிடுகிறது, ஆறினால் திரும்ப வருகிறது.

கார்பெட்டுக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள். வெளியே எடுங்கள். அப்படியும் அணைந்தால் ஓம் (மின்தடை) கணக்கைப் பாருங்கள். ஒரு சப்பின் இரண்டு 4 ஓம் காயிலை இணையாகக் கட்டினால் 2 ஓம், அப்படி இரண்டு சப் என்றால் 1 ஓம். எல்லா ஆம்பும் அதற்குத் தாங்காது.

பொலேரோ பிக்கப்பின் தொட்டியில் நாலு 12 இன்ச் கார் சப் வைத்து ஆடி மாதம் அம்மன் ஊர்வலத்துக்கு ஓட்டலாமா? (ஸ்ரீராமபுரம்)

ஏமாந்து போவீர்கள் தம்பி. கார் சப் கனமாகக் கேட்கக் கேபின்தான் காரணம். அடைத்த சின்ன இடத்தில் கீழ் ஸ்வரம் தானாக ஏறும், திறந்த தொட்டியில் அந்த உதவி இல்லை. ஊர்வலத்துக்கு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பெரிய பெட்டியை வாடகைக்கு எடுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல்தான் வரம்பு, இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-லிருந்தே விதி. எப்படியும் ஃபியூஸ் போடுங்கள்.

மழையில் தொட்டியில் வைக்க எம்டிஎஃப்பா, பிளைவுட்டா?

எம்டிஎஃப் தண்ணீர் பட்டால் ஊறவைத்த ரஸ்க். மெரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்). ஆனால் பெட்டியை ஏன் தொட்டியில் வைக்கிறீர்கள்? மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

பின் சீட்டையே கழற்றிவிட்டு அந்த இடம் முழுக்கப் பெட்டி செய்தால்?

ஆர்.சி.யில் எத்தனை சீட் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். அதை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு விடாது. சீட்டுக்கு அடியில் ஒரு ஷேலோ மவுண்ட் (ஆழம் குறைந்த) 10 இன்ச் சப், சீல்டு, 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டு. கோன் (அதிரும் கூம்பு) தரையைப் பார்த்து இருந்தால் ஒன்றரை இன்ச் இடைவெளி விடுங்கள்.

இரண்டாயிரம் ரூபாய் சப்பில் 3000 வாட் என்று போட்டிருக்கிறது. உண்மையா?

ஆர்எம்எஸ் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் எழுதுங்கள்.