ஜிலின் பல்கலையில் எம்பிபிஎஸ்: வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: மகள் நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள், ஆனால் அரசு இடம் கிடைக்காது. சீனாவில் ஜிலின் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். மொத்தம் 25 லட்சம், உடனே 2 லட்சம் முன்பணம். "சீனாவிலேயே பெரிய யுனிவர்சிட்டி" என்கிறார். நான் ஓய்வுபெற 6 வருடம்தான் இருக்கிறது. வீட்டை அடமானம் வைக்கலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பெரியது என்பதில் ஏஜென்ட் பொய் சொல்லவில்லை சார். பல்கலை இருப்பது வடகிழக்குச் சீனாவின் சாங்சுன் நகரில். 'பல்கலை வளாகத்துக்குள்தான் சாங்சுன் இருக்கிறது' என்று அங்கே ஒரு கேலியே உண்டு. ஆனால் எப்படி இவ்வளவு பெரிதானது? 1946-ல் நிர்வாக அதிகாரிகளைத் தயார் செய்யும் கல்லூரியாக ஹார்பினில் ஆரம்பித்தது. 2000-ல் ஐந்து கல்வி நிறுவனங்களை இணைத்தார்கள், 2004-ல் ஒரு ராணுவக் கல்லூரியும் வந்து சேர்ந்தது. பல்கலையின் பேரும் புகழும் வேதியியலில், அப்புறம் மோட்டார் வாகனப் பொறியியலில் (சாங்சுன் கார் தயாரிக்கும் ஊர்). மருத்துவப் பிரிவின் கதை தனி. கனடா நாட்டு அறுவை மருத்துவர் நார்மன் பெத்தூன் 1939-ல், போர்முனைக்குப் பக்கத்தில், தொடங்க உதவிய மருத்துவப் பள்ளியிலிருந்து வந்தது அது. அதே வருடம் அறுவையின்போது விரலில் பட்ட வெட்டு சீழ்பிடித்து அவர் இறந்துபோனார். நல்ல பாரம்பரியம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கடனை அடைக்கப்போவது பாரம்பரியம் இல்லை, உங்கள் மகள் இங்கே எழுதப்போகும் எஃப்எம்ஜிஇ தேர்வு (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்யத் தேறவேண்டியது). 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவிட்டு அதை எழுதியவர்கள் 40,417 பேர், தேறியவர்கள் 6,387. நூற்றுக்குப் பதினாறு! இதை வெளியிட்டது பெய்ஜிங்கில் உள்ள நம் தூதரகமே. அதோடு தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி 54 மாதப் படிப்பு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும், 12 மாத இன்டர்ன்ஷிப்பை அங்கேயே முடிக்கவேண்டும், அந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதியும் வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் படுத்திருக்கும் பாட்டி சீன மொழியில்தான் வலியைச் சொல்வார், அதையும் படித்தாகவேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். வீட்டு அடமானக் கடன் வேண்டவே வேண்டாம். 25 லட்சத்துக்கு 11% வட்டி, 15 வருடம் என்றால் மாதம் சுமார் 28,400 ரூபாய், அதுவும் அடுத்த மாதமே தொடங்கிவிடும்; உங்கள் சம்பளம் நிற்கும்போது மகள் படிப்பை முடித்திருந்தாலே அதிகம். கல்விக் கடன் என்றால், இந்தத் தொகைக்கு வங்கியும் வீட்டுப் பத்திரம் கேட்கும், உண்மைதான், ஆனால் தவணை படிப்பு முடிந்த பிறகே, பணமும் வருடாவருடம் நேராகப் பல்கலையின் கணக்குக்கே போகும், அப்படி அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தமும் கிடையாது. கட்டணம் சீன நாணயமான யுவானில் என்பதால் ரூபாய் சரிந்தால் தாங்க ஒன்றிரண்டு லட்சம் தனியே வையுங்கள். பிஎஃப்பைத் தொடாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. ஏஜென்ட்டை நடுவில் வைக்காமல் நீங்களே பல்கலையின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மெயில் போட்டு, இந்த வருட ஆங்கில வழிச் சேர்க்கை, இன்டர்ன்ஷிப், அந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்வதற்கான உரிமத் தேர்வு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த 2 லட்சம் உங்கள் கணக்கிலேயே கிடக்கட்டும்.